தாத்தாவின் ரைபிளும் ஒரு சிறு துளையும்

2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச் மாதம் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த ரைபிளை, முடிவுகள் வந்த பிறகு ஜூன் மாதம் ரசீதைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தேன். மூன்று மாதம் சும்மா கிடந்த இரும்பில் துரு ஏறியிருக்குமோ என்ற கவலையில், மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் வீட்டு முற்றத்தில் பாயை விரித்து, தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் பார்த்து, எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்து முடித்தேன். பிறகு காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, எதிர்ச்சுவரில் தொங்கிய தினசரி காலண்டரின் தேதி எண்ணைக் குறிபார்த்தேன். எண் தெரிந்தது, குறிபார்ப்பதற்காகக் குழலின் நுனியில் இருக்கும் முன் சைட்டும் ஒருவாறு தெரிந்தது, ஆனால் பின் சைட்டின் பள்ளம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கசிவுதான் இருந்தது. நான்கைந்து முறை தோளை மாற்றி வைத்துப் பார்த்தும் அது தெளியவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

இந்த ரைபிள் என் தாத்தா 1958இல் சென்னையில் வாங்கியது. செக்கோஸ்லோவாகியாவின் பர்னோ ஆலையில் செய்த, மவுசர் வகையைச் சேர்ந்த போல்ட் ஆக்ஷன் ரைபிள்; .30-06 தோட்டா போடுவது. தோட்டாவின் பெயரில் உள்ள 06, அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டைக் குறிக்கும். தாத்தா இதை வேட்டைக்குத்தான் வாங்கினார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வீட்டில் யாரும் விலங்கின் மேல் இதை நீட்டியதில்லை, நீட்டவும் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் புல்வெளியில் நிற்பதைப் பார்க்க நான் போவது பைனாகுலரோடுதான். அப்பாவுக்கு எழுபது வயது கடந்த பிறகு, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் அனுமதிக்கிறபடி, உரிமம் என் பெயருக்கு மாறியது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை அனுமதி பெற்ற சுடுதளத்துக்குக் கொண்டுபோய் அட்டையில் சுடுவதுதான் இதற்கு இப்போது இருக்கும் வேலை. அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். அது என் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வெறும் பள்ளம் வைத்த சாதாரண சைட்டில் கண் மூன்று பொருள்களைப் பார்க்க வேண்டும். பின் சைட் கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது; முன் சைட் அதற்கு அப்பால், குழலின் நுனியில்; இலக்கோ நூறு மீட்டருக்கு அப்பால். எந்த வயதிலும் கண்ணால் ஒரே நேரத்தில் இம்மூன்றையும் தெளிவாகப் பார்க்க முடியாது. இளைஞனின் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நொடிக்குள் தாவிவிடும். ஐம்பதைத் தாண்டிய கண்ணின் வில்லை இறுகிப்போய் அந்தத் தாவலை இழந்துவிடும். வாசிக்கும் கண்ணாடியைப் போட்டால் பின் சைட் தெளிகிறது, இலக்கு கரைகிறது. கழற்றினால் நிலைமை தலைகீழ்.

டெலஸ்கோப் போட்டுவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தோளில் வைக்கும் இந்த மரக்கட்டையின் மேல்விளிம்பு, கன்னத்தை வைத்தால் கண் இரும்பு சைட்டின் உயரத்துக்கு வருமாறு கடையப்பட்டது. டெலஸ்கோப்புக்காகத் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையில் பதியாது. எண்பத்தோரு வயதான அப்பா வேறு, திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அந்தக் குழாயெல்லாம் மேல ஏத்துனா அது உங்க தாத்தா துப்பாக்கியா இருக்காதுடா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடு இருந்தது.

மிஞ்சியது பீப் சைட். பின் சைட்டின் பள்ளத்துக்குப் பதிலாக ஒரு சிறு துளை. அதுவும் குழலின் மேல் அல்லாமல், கண்ணுக்கு அருகே, போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரின் பின்கோடியில், போல்ட்டுக்கு மேலே பாலம்போல் வளைந்திருக்கும் பின்பாலத்தின் மேல். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைபிளில் குழலின் மேலே இருந்த பின் சைட், இரண்டாம் உலகப் போர்க் கால நம்பர் 4 மாடலில் ரிசீவரின் பின்கோடிக்கு நகர்ந்து துளையாக மாறியது. பர்னோ ஆலையே பிற்காலத்தில் ஸீகேகே வரிசை ரைபிள்களில், வேண்டாதபோது பின்பாலத்துக்குள் மடங்கி மறைந்துகொள்ளும் பீப் சைட்டை வைத்துக் கொடுத்தது. எங்கள் ரைபிள் அதற்கு முந்தையது.

துளை செய்யும் உதவி இரண்டு வகைப்பட்டது. முதலாவது, கண்ணின் மணித்துளையைவிடச் சிறிய துளை வழியாகப் பார்க்கும்போது, ஒளி ஒடுங்கிய பாதையில் வருவதால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒருசேரத் தெளிகின்றன. கண்ணாடி இல்லாத நேரத்தில் ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் சந்து வழியே பேருந்தின் ஊர்ப்பலகையைப் படித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பட்டப்பகலில் மணித்துளை இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர்வரை சுருங்கியிருக்கும். ஆகவே துளை அதைவிடச் சிறிதாக இருந்தால்தான் இந்தப் பலன் கிட்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனால் வெளிச்சம் செத்துவிடுவதோடு, ஒளி விளிம்பில் சிதறி மறுபடியும் மங்கலாகும். இரண்டாவது உதவி, துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்கிறது என்பது. துளையை நாம் பார்க்க வேண்டியதே இல்லை. அதன் வழியாக முன் சைட்டை மட்டும் பார்த்து, இலக்கின் மேல் வைத்தால் போதும். மூன்று பொருளில் ஒன்று கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

இதோடு சேர்ந்து வரும் லாபம் சைட்டுகளுக்கு இடையிலான தூரம். பழைய பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடையே எங்கள் ரைபிளில் 43 சென்டிமீட்டர். பின்பாலத்தின் மேல் துளை வந்தால் அது 70 சென்டிமீட்டர். சைட்டை வைப்பதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், 43 சென்டிமீட்டர் தூரத்தில் அது நூறு மீட்டரில் 23 மில்லிமீட்டர் பிசகாகும். 70இல் 14 மில்லிமீட்டர்தான்.

தஞ்சைப் பக்கம் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்றாலும், துப்பாக்கியின் மேல் கை வைக்கிற வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். ஆகவே திருச்சிக்குப் போனேன். பட்டறை நடத்துகிற பாய்க்கு என்னைவிடப் பதினைந்து வயது அதிகம். ரைபிளை வாங்கியவுடன் போல்ட்டை இழுத்து அறை காலியா என்று விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம்தான் என்னை உட்காரச் சொன்னார். துளையிட்டு மரை போட்டுப் பீப் சைட்டை முடுக்கிவிடலாம் என்பது என் எண்ணம். மவுசரில் தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்கும் பூட்டுக் காதுகள் போல்ட்டின் முன்முனையில் இருப்பதால், பின்பாலத்தில் சிறு துளை போடுவதால் பலம் குறையாது என்று படித்திருந்தேன். பாய் அதை மறுக்கவில்லை. பின்பாலத்தின் மேல் இருபுறமும் ஆலையிலேயே வெட்டிவிட்டிருந்த, டவ்டெயில் என்னும் உள்நோக்கிச் சாய்ந்த பள்ளத்தை நகத்தால் காட்டினார். "டெலஸ்கோப் மாட்டத்தான் இத வெட்டி வெச்சிருக்கான் தம்பி. இதுலயே கவ்வ வெச்சுடுவோம். போட்ட ஓட்டைய நாளைக்கு அடைக்க முடியாது" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன். அறுபது வருட இரும்பில் திரும்பப் பெற முடியாத எதையும் செய்யக் கூடாது என்பதை நான் விதியாகவே வைத்துக்கொண்டேன்.

முதலில் பித்தளையில் ஒரு மாதிரி செய்தார். நல்லவேளை, அதைச் செய்தோம். மாதிரியில் துளைத்தட்டு பாலத்தைத் தாண்டிப் பின்னால் சற்றே நீட்டிக்கொண்டு இருந்தது. கண்ணுக்கு அருகில் வரட்டும் என்று நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன். போல்ட்டைத் திறந்தால் கைப்பிடியின் அடிப்பாகம் பாலத்தின் பின்முகத்தை ஒட்டியபடி மேலே ஏறி, அந்தத் தட்டில் வந்து முட்டியது. காகிதத்தில் வரைந்தபோது இது தெரியவே இல்லை. போல்ட் வெறுமனே முன்னும் பின்னும் போகும் கம்பி என்று நினைத்து வரைந்திருந்தேன், அது சுழலவும் செய்யும் என்பதை மறந்திருந்தேன். மேலும், .30-06 தோளில் நன்றாகவே உதைக்கிற தோட்டா. 180 கிரெயின் (ஏறத்தாழ 12 கிராம்) எடையுள்ள குண்டை நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் தள்ளிவிடுகிறது. கண்ணுக்கு மிக அருகில் இரும்பு விளிம்பை நீட்டிவைப்பது புருவத்தைக் கிழித்துக்கொள்ளும் வழி. தட்டு பாலத்தின் மேலேயே, பின்விளிம்புக்குள் அடங்கி நிற்கட்டும் என்று முடிவானது.

எஃகில் செய்த அடித்தட்டை டவ்டெயிலில் பொருத்திய அந்த மாலைப் பொழுதை நான் மறக்க மாட்டேன். பாய் ஒரு தட்டில் சூடத்தைக் கொளுத்தி, எழுந்த கரும்புகையில் அடித்தட்டின் உள்முகத்தைக் காட்டினார். கண்மை போலக் கரி படிந்தது. அதை டவ்டெயிலில் மெதுவாக ஏற்றி, இறுக்கி, கழற்றிப் பார்த்தபோது, எங்கெங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டதோ அங்கெல்லாம் கரி நசுங்கிப் பளபளத்தது: முன்புறம் ஒரு கோடு, பின்புறம் வலது ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். பளபளத்த இடத்தை மட்டும் நுண்ணரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி கரி, மறுபடி இறுக்கம். பதினோரு முறை செய்தார் என்று எண்ணினேன். கடைசியில் இருபக்கமும் முழு நீளத்துக்குக் கரி ஒரே சீராக மங்கியிருந்தது. இறுக்கும் திருகு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், தொடும் பரப்பு ஒரு புள்ளியாக இருந்தால் பிடி நிற்காது.

அடித்தட்டின் பின்னோரத்தில் இடதுபுறம் மட்டும் கீழ்நோக்கி ஒரு சிறு உதடு வைத்திருந்தார். வெடிக்கும்போது சைட் பின்னால் நழுவும், ஆகவே தடுப்பு முன்பக்கம்தானே வேண்டும் என்று கேட்டேன். "துப்பாக்கிதான் பின்னால போவுது தம்பி. சைட்டு நின்ன எடத்துலயே நிக்கப் பாக்கும். அப்ப சைட்டு எந்தப் பக்கம் நழுவும்?" என்று திருப்பிக் கேட்டார். சட்டென்று பிரேக் போடும் பேருந்தில் நாம் முன்னால் சாய்வது நினைவுக்கு வந்தது; இங்கே வண்டி பின்னோக்கிக் கிளம்புகிறது, சைட் முன்னோக்கி நழுவுகிறது. பாலத்தின் பின்முகத்தில் கொக்கிபோல் பற்றிய உதடு அந்த நழுவலைத் தடுக்கிறது. வலதுபுறம் போல்ட் கைப்பிடி ஏறும் பாதை என்பதால்தான் அது இடதில் இருந்தது.

மேலும் கீழும் நகர்த்தும் திருகு மூன்று மில்லிமீட்டர் கனம். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் ஏறும் மரை. அதன் தலையில் பத்து வெட்டுகள். ஒரு வெட்டுக்குத் துளை 0.05 மில்லிமீட்டர் நகர்ந்தால், நூறு மீட்டரில் குண்டு 7 மில்லிமீட்டர் நகரும். விலையுயர்ந்த இலக்குச் சைட்டுகளில் ஒரு கிளிக் என்பதும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன், அது என்னுடைய பிழை. சுடுதளத்தில் முதல் குண்டை 25 மீட்டரில் வைத்த அட்டையில் சுட்டேன். ஓட்டை கருப்பு வட்டத்தில் இல்லை. தேடினால், குறிவைத்த புள்ளிக்கு மேலே 19 சென்டிமீட்டரில், அட்டையின் விளிம்பை ஒட்டி இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதன் பக்கத்திலேயே. துளையை அடிமட்டம்வரை இறக்கி வைத்திருந்தேன். அதற்குக் கீழே இறங்க இடமில்லை. நான் பின்னால் இருக்கும் சைட்டைப் பற்றியே மாதக்கணக்கில் யோசித்தேனே தவிர, முன்னால் இருக்கும் சைட்டின் உயரத்தை ஒரு முறைகூட அளக்கவில்லை.

பாலத்தின் மேல் உட்கார்ந்த துளை, குழலின் நடு அச்சிலிருந்து 26 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது. பழைய முன் சைட்டின் நுனி 20 மில்லிமீட்டர்தான். நூறு மீட்டருக்குச் சரிசெய்த இத்தகைய ரைபிளில் இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு இருக்கக் கூடாது என்பது கணக்குப் போட்டால் தெரியும். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கமே குண்டு போகும். முன் சைட்டை நகர்த்தினால் குண்டு எதிர்ப்பக்கம் போகும். தவறிய அளவை இரு சைட்டுகளுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால் எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது கிடைக்கும்: 190 மில்லிமீட்டரை 700ஆல் பெருக்கி 25,000ஆல் வகுத்தால் 5.3. முன் சைட் அந்த அளவுக்கு உயர வேண்டும். யாராவது இந்த வேலையில் இறங்குவதாக இருந்தால், துளையை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் நுண்ணளவு பார்க்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு முன் சைட்டிடம் போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைபிளைக் களத்துமேட்டில் இரண்டு உமி மூட்டைகளின் மேல் படுக்கவைத்தேன். அறுவடை முடிந்த எங்கள் வயலின் மறுகோடியில், வரப்பின் மேல் சுண்ணாம்பு பூசிய பலகை ஒன்றை நட்டிருந்தேன். பின்னாலிருந்து குழலுக்குள் கண்ணை வைத்து, குழல் வட்டத்தின் நடுவில் பலகை தெரியுமாறு மூட்டையைத் தட்டித் தட்டிச் சரிசெய்தேன். பிறகு ரைபிளை அசைக்காமல், துளை வழியே பார்த்தேன். முன் சைட் பலகையில் இல்லை. பலகைக்கு வெகு கீழே, வரப்புக்கும் கீழே, வாய்க்கால் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது.

புதிய முன் சைட்டை உயரம் கூட்டியே செய்யச் சொன்னேன். அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம், கூட்ட முடியாது. பழையதின் நுனியில் உருண்டை மணி இருந்தது. காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும்போது மணியின் ஒரு பக்கம் மட்டும் மின்னும். கண் அந்த மின்னலையே மணி என்று நம்பி நடுவில் வைக்கும். குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். ஆகவே புதியது தட்டையான தலையுடைய, இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரக் கம்பம். அதன் பின்முகத்துக்கும் சூடக் கரிதான். வெல்வெட் போலப் படிந்து, துளி மினுக்கமும் இல்லாமல் இருக்கிறது. விரல் பட்டால் போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் சுடுதளத்திலேயே புதிதாகப் பூசிக்கொள்கிறேன்.

துளைத்தட்டுகள் மூன்று வைத்திருக்கிறேன்: 1.2, 1.6, 2.4 மில்லிமீட்டர். துளையின் ஒருபக்கம் கிண்ணம்போல் குடையப்பட்டு, விளிம்பு கத்திமுனையாக மெலிந்திருக்கிறது. கனத்த விளிம்பாக இருந்தால் உள்சுவரில் வெளிச்சம் பட்டு வழிந்து கண்ணைக் குழப்பும். சித்திரை வெயிலில் 1.2 அற்புதமாக இருந்தது. அட்டையின் எண்கள்கூடத் தெளிந்தன. அதையே மார்கழியில், வயல்களின் மேல் பனி கலையாத காலை ஏழரை மணிக்குப் போட்டபோது கருப்பு வட்டமே காணாமல் போயிற்று. 2.4 எந்த வெளிச்சத்திலும் வேகமாகக் கண்ணுக்குப் பிடிபடுகிறது, ஆனால் வெயிலில் என் மணித்துளையே அந்த அளவுக்குச் சுருங்கிவிடுவதால் தெளிவு கூடுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதிக்கு 1.6 போதும்.

முன் சைட்டை இறுதியாகத் தேய்த்தது சுடுதளத்தின் மேசையில், பாய் உடனிருக்க. முதல் மூன்று குண்டுகள் நூறு மீட்டரில் 9 சென்டிமீட்டர் கீழே. 0.1 மில்லிமீட்டர் தேய்த்தால் 14 மில்லிமீட்டர் ஏறும். அரத்தை ஒரே திசையில் நான்கு முறை இழுத்து, தூளை ஊதி, வெர்னியரில் அளந்து, கரி பூசி, சுட்டு, மறுபடியும் நான்கு இழுப்பு. மொத்தம் அரை மில்லிமீட்டர் குறைத்தபோது குண்டுகள் புள்ளிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே நின்றன. "போதும், அரத்த வெச்சுரு. மிச்சத்தத் திருவு பாத்துக்கும்" என்றார் பாய். மூன்று வெட்டு ஏற்றி ஐந்து குண்டுகள் சுட்டேன். ஐந்தும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. பழைய சைட்டில், கண் நன்றாக இருந்த நாளிலேயே, எனக்கு அப்படி அமைந்ததில்லை.

இறுக்கும் திருகின் தலையிலிருந்து அடித்தட்டின் மேல்வரை என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போட்டிருக்கிறேன். திருகு நூலிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில் உப்பங்காற்று எங்கள் ஊர்வரை வரும் என்பதால், மாதம் ஒருமுறை அடித்தட்டின் ஓரங்களில் எண்ணெய் தொட்டுவைக்கிறேன். துளைத்தட்டில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, பட்டால் தூசி ஒட்டித் துளை வட்டமாகவே இருக்காது.

ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை அப்பா அதைக் கேட்டார். போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். கை நடுங்குவதால் திண்ணைத் தூணில் முட்டுக்கொடுத்து, துளையில் கண்ணை வைத்து, தெருமுனை வேப்பமரத்தை வெகுநேரம் பார்த்தார். "எல தெரியுதுடா" என்றார். பிறகு, "அந்தப் பழைய மணிய எங்க போட்ட?" என்று கேட்டார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பழைய பின் சைட்டோடு சேர்த்து, உரிமப் புத்தகம் இருக்கும் தகர டப்பாவில் வைத்திருப்பதைத் திறந்து காட்டினேன். அதன் உள்மூடியில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்த சீட்டை அவர் வாய்விட்டுப் படித்தார்: பழைய முன் சைட் 20.0, புதியது 25.3, துளை 26.0.